யாருக்கெல்லாம் தெரியும், டீச்சர்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உடல்நலம் மற்றும் நோய்கள்’ அலகைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய் எல்லாவற்றையும் நிதானமாக நடத்துவேன். எய்ட்ஸ் பகுதி வந்ததும் மட்டும் என் குரல் வேகமெடுக்கும். பரவும் வழிகள், அறிகுறிகள், எலைசா, வெஸ்டர்ன் பிளாட், தடுப்பு முறைகள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, “குறிச்சுக்கோங்க, நாலு மார்க் கேள்வி” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் தலையைக் குனிந்தபடி எழுதிக்கொள்வார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேள்வி இல்லை என்றால் பாடம் புரிந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

சென்ற கல்வியாண்டில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். காலியான செருப்புப் பெட்டி ஒன்றில் துளை போட்டு மேசைமேல் வைத்தேன். “பேர் எழுத வேண்டாம். இந்தப் பாடத்துல கேட்கணும்னு தோணுறதை எழுதிப் போடுங்க. எதுவும் தோணலைன்னா வெறும் பேப்பரையாவது மடிச்சுப் போடணும்” என்றேன். எல்லோரும் போட்டால்தான் எழுதியவர் யார், எழுதாதவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

வெற்றுத்தாள் அதிகம் இருக்கும் என்று எண்ணினேன். பாதிக்கு மேல் எழுதியிருந்தார்கள். “கொசு கடித்தால் வருமா?”, “ஒரே சோப்பு போட்டால் வருமா?”, “ஆளைப் பார்த்தாலே தெரியுமா?” இவற்றுக்கெல்லாம் அங்கேயே பதில் சொல்ல முடிந்தது. ஒரு சீட்டில் மட்டும் இப்படி இருந்தது: “டெஸ்ட் எடுக்கப் போனா யாருக்கெல்லாம் தெரியும்?”

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று மடித்து வைத்தேன்.

விடைத்தாள் திருத்தும் நமக்குக் கையெழுத்து தெரியாமல் போகுமா? எழுதியது யார் என்று பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும் முதலில் வந்த கேள்வி, “யாருங்க எழுதினது?” என்பதுதான். நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள். “தெரியலைங்க” என்று சொல்லிவிட்டு, எல்லாச் சீட்டுகளையும் அன்று மாலையே கிழித்துப் போட்டேன். யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்ட பிள்ளையின் சங்கதி, அன்று மாலைக்குள் எட்டு ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஆகியிருந்தால் அந்தக் கேள்விக்கு என்னுடைய பதில் என்னவாக இருந்திருக்கும்?

நானே போய்ப் பார்த்தேன்

பாடநூலில் பரிசோதனையின் பெயர் இருக்கிறது. எங்கே போக வேண்டும், உள்ளே என்ன நடக்கும், முடிவை யாரிடம் சொல்வார்கள் என்பது பரிசோதித்துக்கொண்டவருக்குத்தான் தெரியும். ஆகவே ஒரு சனிக்கிழமை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட, வட்ட மருத்துவமனைகளிலும் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆலோசனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்ந்து நடக்கும் இடம் அது. கட்டணம் கிடையாது. பல ஆண்டுகளாக அந்தப் பலகையைத் தாண்டித்தான் நான் பல் மருத்துவரிடம் போயிருக்கிறேன். அன்று அந்தக் கதவை நோக்கி நடந்தபோது கால் தானாகவே மெதுவானது. யாராவது பார்க்கிறார்களா என்று கண் தேடியது. பார்க்கத்தான் பார்த்தார்கள். என் வகுப்பு மாணவர் ஒருவரின் அம்மா எதிரே வந்தார்.

“என்ன டீச்சர், இங்க?”

“பிரஷர் பார்க்க வந்தேம்மா.”

பாடம் நடத்தத் தெரிந்துகொள்ள வந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது பொய்தான். நாற்பதைக் கடந்த, அரசு வேலையில் இருக்கும், எந்தக் காரணமும் இல்லாமல் வந்த எனக்கே இப்படி என்றால், உள்ளுக்குள் பயத்தோடு வருபவருக்கு அந்தத் தாழ்வாரம் எவ்வளவு நீளமாக இருக்கும் என்று அப்போது புரிந்தது.

உள்ளே ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். எதற்காக இந்தப் பரிசோதனை, முடிவு எப்படி வந்தால் என்ன பொருள், அடுத்து என்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னார். “உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம்னு தோணுச்சுன்னா இப்பவே எழுந்து போகலாம்” என்றார். சம்மதம் என்றதும் எனக்கு ஓர் எண் கொடுத்தார். ஆய்வகத்துக்கு என் இரத்தத்தோடு போனது அந்த எண்தான்.

காத்திருந்தபோது கேட்டார். “முன்னாடி எப்பவாவது இந்த டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

“இல்லைங்க.”

“குழந்தைங்க இருக்காங்களா? பிரசவம் எங்க?”

“ரெண்டு பேரும் அரசு மருத்துவமனையிலதான்.”

“அப்ப எடுத்திருப்பாங்களே டீச்சர்!”

உண்மைதான். கர்ப்ப காலப் பரிசோதனையில் எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸ் என்னும் கிரந்தி நோய்க்கும் இரத்தம் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகாமல் தடுப்பதற்காக. சர்க்கரை, இரத்த அளவு, இரத்த வகையோடு சேர்த்து எடுத்ததால் என் நினைவில் அது தங்கவே இல்லை. எங்கள் ஆசிரியர் அறையில் இருக்கும் தாய்மார்களில் பலரும், பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அம்மாக்களில் பலரும் இதை ஏற்கனவே செய்துகொண்டவர்கள். ‘அந்த மாதிரி ஆட்களுக்கான பரிசோதனை’ என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு!

முடிவு அன்றே கிடைத்தது. மறுபடி கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் “ரிசல்ட் என்ன?” என்று கேட்டார்கள். சொல்லவில்லை. இங்கும் எழுதப்போவதில்லை. மறைக்க வேண்டியது இருக்கிறது என்பதற்காக அல்ல. ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தவர்கள் எல்லோரும் உரக்கச் சொல்லத் தொடங்கினால், சொல்லாமல் இருப்பவர்மேல் ஊரின் சந்தேகம் விழும்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில்

ஆலோசகரிடம் கேட்டும், சட்டத்தைப் படித்தும் நான் வகுப்புக்குத் தயாரித்துக்கொண்ட பதில் இது.

எச்.ஐ.வி. தொடர்பாக நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, விளக்கம் சொல்லி ஒப்புதல் பெறாமல் யாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவருடைய நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வேலையில் சேரவோ, படிப்பில் சேரவோ இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்று இருக்கிறது என்பதற்காகப் பள்ளியிலோ பணியிடத்திலோ மருத்துவமனையிலோ பாகுபாடு காட்டக் கூடாது.

அப்படியென்றால் யாருக்குத்தான் தெரியும்? பரிசோதித்துக்கொண்டவருக்கும், அவருக்குச் சிகிச்சையும் ஆலோசனையும் தரும் மருத்துவப் பணியாளர்களுக்கும். வாழ்க்கைத் துணையிடம் அவரே சொல்லும்படி ஆலோசகர் உதவுவார். துணைக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருந்து, ஆலோசனைக்குப் பிறகும் அவர் சொல்லவில்லை என்றால், அவரிடம் தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணைக்குச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. சொன்னால் அடி உதைக்கு ஆளாக நேரிடும் என்ற நிலையில் உள்ள பெண்களுக்கு விலக்கும் இருக்கிறது. நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகளும் உண்டு. பக்கத்து வீட்டுக்கோ, ஊராட்சிக்கோ, பள்ளிக்கோ, வேலை கொடுத்தவருக்கோ தகவல் போகாது.

இந்தச் சட்டம் எச்.ஐ.வி.க்கானது. மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கு இதுபோல் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், நோயாளி பற்றிய தகவலைக் காப்பது எந்த மருத்துவருக்கும் தொழில் நெறியாக விதிக்கப்பட்ட கடமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்பிக்கை மையத்துக்கு எல்லை கிடையாது. சொந்த ஊர் மருத்துவமனையில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால், வேறு ஊர் மையத்துக்குப் போகலாம். போகும் முன் சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. பெயர் சொல்லாமலே பேசலாம்.

எதை, எப்போது பரிசோதிப்பது?

‘பால்வினை நோய்’ என்றாலே எச்.ஐ.வி. என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். கிரந்தி, வெட்டை நோய் எனப்படும் கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கும் மருந்தால் முழுதாகக் குணமாகக் கூடியவை. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் கிரந்திக்குப் பெனிசிலின் ஊசி ஒரு முறை போட்டாலே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் மட்டும் இந்த நான்கிலும் சேர்த்து உலகில் 37 கோடிக்கு மேற்பட்ட புதிய தொற்றுகள் ஏற்பட்டன. ஹெபடைடிஸ் ‘பி’, எச்.பி.வி. ஆகிய வைரஸ்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. எச்.ஐ.வி.யை உடலிலிருந்து முழுதாக நீக்க முடியாவிட்டாலும் கூட்டு மருந்துச் சிகிச்சையால் அடக்கி வைக்க முடியும். 2004 ஏப்ரலில் இந்தச் சிகிச்சையை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. மருந்தை விடாமல் எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

இத்தனை இருந்தும் மக்கள் ஏன் தாமதிக்கிறார்கள்? வெட்கம் ஒரு காரணம். அறிகுறியே இல்லாமல் இருப்பது இன்னொரு காரணம். கிளமிடியாவும் கொனோரியாவும் குறிப்பாகப் பெண்களிடம் எந்தத் தொந்தரவும் காட்டாமல் இருந்து, கருக்குழாய்களைப் பாதித்துப் பிள்ளைப்பேற்றுக்கே தடையாகலாம். கிரந்தியின் முதல் புண் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று எண்ணி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவார்கள். உள்ளே அது தொடரும்.

எச்.ஐ.வி.க்கும் கிரந்திக்கும் இரத்தப் பரிசோதனை. கொனோரியா, கிளமிடியாவுக்குச் சிறுநீரோ, பஞ்சுக்குச்சியில் எடுக்கும் மாதிரியோ வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. நம் மாநிலத்தில் அதைச் ‘சுகவாழ்வு மையம்’ என்றும் அழைக்கிறார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஒரே பரிசோதனையை வைத்துச் சொல்லிவிட மாட்டார்கள். வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளிலும் அப்படியே வந்தால்தான் உறுதி செய்வார்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். ‘ஒரு தடவை பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை’ என்று நின்றுவிடக் கூடாது என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்கிறேன்.

வகுப்பில் செய்த செயல்பாடு

நம் ஆய்வகத்தில் இருக்கும் பினாப்தலீனே போதும். 32 பேருக்கு 16 சோதனைக்குழாய், இருவருக்கு ஒன்று. 15 குழாயில் தண்ணீர். ஒன்றில் மட்டும் தெளிந்த சுண்ணாம்பு நீர். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு குழுவும் வேறொரு குழுவின் நீரோடு கலந்து, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இப்படி மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் வேறு குழுவோடு. கண்ணில், வாயில் படாமல் பார்த்துக்கொள்ளவும், முடிந்ததும் கை கழுவவும் சொல்ல வேண்டும்.

பிறகு, “யார் முன்னால வந்து, எல்லாரும் பார்க்க, ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டுப் பார்க்கிறீங்க?” என்றேன். மூன்று குழுக்கள்தான் வந்தன. இரண்டாவது குழுவின் நீர் இளஞ்சிவப்பாக மாறியதும் வகுப்பே சிரித்தது. அந்த இரண்டு பேரும் தலை குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு குழு வந்தது. வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

வெறும் சுண்ணாம்பு நீர்தான். அதற்கே இந்தப் பாடு.

மறுநாள் அதையே வேறு மாதிரி செய்தோம். ஆய்வக அலமாரியின் கதவைத் திறந்து மறைப்பாக்கினேன். பெயருக்குப் பதில் எண் சீட்டு. மறைப்புக்குப் பின்னால் அவர்களே சொட்டு விட்டுப் பார்த்து, அங்கேயே தொட்டியில் ஊற்றிக் கழுவிவிட்டு வரலாம். நான் எதையும் குறித்துக்கொள்ள மாட்டேன். ஒரு குழுவைத் தவிர எல்லோரும் வந்தார்கள்.

“நேத்து ஏன் வரலை?” என்று கேட்டேன்.

“சிவப்பா மாறினா சிரிப்பாங்க டீச்சர்.”

“இன்னைக்கு?”

“யாருக்கும் தெரியாதுல்ல.”

ரகசியம் காப்பது எதற்காக என்று நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரகசியம் இருக்கும் இடத்துக்கு மக்கள் வருவார்கள். வந்தால் சிகிச்சை கிடைக்கும். சிகிச்சை கிடைத்தால் தொற்று அடுத்தவருக்குப் போவது குறையும்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு பிரிவில் சோதனைக்குழாய் போதாமல் தண்ணீர் குடிக்கும் டம்ளரில் இதைச் செய்தேன். அடுத்த வாரம் கேள்விப் பெட்டியில், “அப்ப ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா வருமா?” என்று ஒரு சீட்டு. தவறான கருத்தைப் போக்க வந்த நானே புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டேன். ஒரே டம்ளரில் குடிப்பதால், கை குலுக்குவதால், சேர்ந்து சாப்பிடுவதால் எச்.ஐ.வி. வராது என்று மறுபடி ஒரு பாடவேளை எடுத்துச் சொன்னேன். ஆகவே, சோதனைக்குழாயிலேயே செய்யுங்கள். ‘இது உடலுக்குள் இருக்கும் திரவங்களைக் குறிக்கும் மாதிரி மட்டுமே’ என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாம் வாக்குக் கொடுக்கக் கூடாத இடம்

இந்தப் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகளுக்கு நம்மேல் நம்பிக்கை வரும். தனியாக வந்து, “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல டீச்சர்?” என்று கேட்பார்கள். “சத்தியமா சொல்ல மாட்டேன்” என்று சொல்லத் தோன்றும். சொல்லிவிடாதீர்கள்.

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாலியல் குற்றத்துக்கு ஆளாகியிருப்பது நமக்குத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இருவருமே விரும்பி நடந்தது என்றாலும் 18 வயது நிறையாதவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக ஏற்பதில்லை. ஆகவே உண்மையான பதில் இதுதான்: “தேவையில்லாம ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு யாராவது கெடுதல் செஞ்சிருந்தா, உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட மட்டும் நான் சொல்லியாகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” இதைப் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு சொன்னால் அது துரோகமாகத் தெரியும்.

இதில் நேரமும் முக்கியம். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அவசர மருத்துவ உதவி தருவதற்கு முன் எந்த ஆவணமும் கேட்டு மருத்துவமனை காக்க வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை நமக்குத் தெரிந்ததைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. 1098 குழந்தைகள் உதவி எண் எந்த நேரத்திலும் கிடைக்கும்.

மற்றபடி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் பொதுவாகத் தேவை. இதையும் மறைக்காமல் வகுப்பில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் ஏமாற்றமடைவார்கள் என்று நினைத்தேன். “அப்ப வீட்ல யாராவது ஒருத்தரையாவது நம்பணும்” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆசிரியர் கவனத்துக்கு

- பாடம் தொடங்கும் முன் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் என்ன நடத்தப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் தயங்கிய பெற்றோர், கர்ப்ப காலப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னதும் தயக்கம் நீங்கிக் கேட்டார்கள்.
- கேள்விப் பெட்டியில் எல்லோரும் தாள் போட வேண்டும். வாசித்த சீட்டுகளை அன்றே கிழித்துவிடுங்கள். ஆனால் ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகச் சீட்டு காட்டினால் அதைக் கிழிக்காமல், முன்னே சொன்ன வழியில் உடனே செயல்படுங்கள்.
- கையெழுத்து தெரிந்தாலும் தெரியாததுபோல் இருங்கள். சக ஆசிரியரிடம்கூடப் பெயர் சொல்ல வேண்டாம்.
- ‘தப்பு செஞ்சவங்களுக்குத்தான் இந்த நோய் வரும்’ என்ற தொனி எங்கும் வேண்டாம். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றைப் பெற்ற பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.
- முடிந்தால் அருகில் உள்ள நம்பிக்கை மைய ஆலோசகரை வகுப்புக்கு அழையுங்கள். பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் என்ன என்று தோன்றலாம். தொடுதல் பற்றிய பாடம் நடத்தும்போது ஒரு குழந்தை உங்களிடம் ஏதாவது சொன்னால், அதை நீங்கள் யாரிடம் சொல்கிறீர்கள், யாரிடம் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்பதை அந்தக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவர்களிடம் எதையும் நம்பிச் சொல்லலாமா என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

அந்தச் சீட்டு

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். செயல்பாடு முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மாலை மணி அடித்த பிறகு ஆய்வகத்துக்கு அந்தப் பிள்ளை வந்தது. முதலில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “சொல்லலாம், ஆனா சில விஷயத்தை மட்டும் நான் வேறவங்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். அம்மாவுக்குத்தான்.”

வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா உடம்பு முடியாமல் ஊருக்கு வந்திருக்கிறார். அம்மாவையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொந்தக்காரர் ஒருவர் வேலை செய்கிறார். விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா போகாமலே இருக்கிறார். இரண்டு மாதமாக.

நம்பிக்கை மையம் எங்கெல்லாம் இருக்கிறது, எந்தப் பேருந்தில் போகலாம், உள்ளே என்ன கேட்பார்கள் என்று நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். 1097 எண்ணை எழுதிக் கொடுத்தேன். “எந்த ஊர் மையத்துக்கு வேணும்னாலும் போகலாம்னு அம்மாகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். பாடத்துல வந்துச்சுன்னு சொல்லு” என்றேன். பாடத்தில் வந்ததுதானே!

அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒரு நாள், விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்து வந்தபோது அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னது.

“அம்மா போயிட்டு வந்துட்டாங்க டீச்சர்.”

“சரிப்பா. நல்லது.”

முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. பிள்ளையும் சொல்லவில்லை. விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனது. அந்த முறை எய்ட்ஸ் கேள்விக்கான விடையைத் திருத்தும்போது ஒன்றைக் கவனித்தேன். எலைசா, வெஸ்டர்ன் பிளாட் என்று எழுதியதோடு நிற்காமல், ‘இந்தப் பரிசோதனைக்கு ஒப்புதல் வேண்டும், முடிவை ரகசியமாக வைத்திருப்பார்கள்’ என்று ஏழெட்டுப் பேர் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்பில் அந்த வரி இல்லை. நான் அதற்கும் சரி போட்டேன்.